அருவியைப் பார்க்காதவள் எழுதும் கடிதம்

அன்புள்ள அக்கா,

போன வாரம் எல்லாரும் கூடி உட்கார்ந்திருந்தபோது மறுபடியும் அதையே சொன்னாய். "என்னாலதான் அந்த டூரே கெட்டுப்போச்சு. நல்லவேளை, இவளாவது அருவியைப் பார்த்துட்டு வந்தா." எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நானும் தலையை ஆட்டி வைத்தேன். இது நாலாவது தடவை. நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதிவிட்டால் அப்புறம் மழுப்ப முடியாது பார்.

நான் அந்த அருவியைப் பார்க்கவே இல்லை அக்கா.

முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குப் பாதி நாள் நினைவிருக்காது. ராத்திரி மூன்று மணிக்கு நீ குளியலறைக்கு ஓடினாய். ஐந்து மணிக்குள் நாலு தடவை. அப்போது எனக்கு முதலில் தோன்றியது உன்னைப் பற்றி இல்லை. 'ஆறரை மணி வண்டி போச்சு, கட்டின பணமும் போச்சு' என்றுதான் மனசு கணக்குப் போட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"மருந்துக்கடையையே மூட்டை கட்டிட்டியா?" என்று நீ கிண்டலடித்த பையில்தான் ஓஆர்எஸ் பாக்கெட் இருந்தது, பேதிக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற சர்க்கரை-உப்புப் பொடி. அதையும் முதலில் சொதப்பினேன். ஒரு டம்ளர் தண்ணீரில் பாதிப் பாக்கெட்டைக் கொட்டி, "ஒரே மூச்சில் குடி" என்று நீட்டினேன். போன வேகத்தில் வெளியே வந்தது. அப்புறம்தான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்பக்கம் படித்தேன். 20.5 கிராம் பொடி, முழுசாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு. தண்ணீர் குறைந்தால் கரைசல் கெட்டியாகி, உடம்பில் இருக்கிற நீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். பேதி இன்னும் கூடும். நல்லது செய்கிறேன் என்று நான் உனக்குச் செய்தது அதைத்தான்.

பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி கலக்கி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். ஒரு ஸ்பூன், இரண்டு நிமிடம், அடுத்த ஸ்பூன். அந்த இரண்டு நிமிடங்களில் போனில் படித்துக்கொண்டிருந்தேன். பேதியில் குடல் எவ்வளவு கெட்டுக் கிடந்தாலும், சர்க்கரையும் உப்பும் ஜோடியாக வந்தால் உள்ளே விடுகிற ஒரு வழி மட்டும் மூடுவதில்லையாம். அவை போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். 1971 வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோனதும், திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் இந்த மாதிரி சர்க்கரை-உப்புக் கரைசலைத்தான் குடிக்கக் கொடுத்திருக்கிறார். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கியது. ஸ்பூனைப் பிடித்திருந்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள்தான். அதைப் படித்த பிறகு வண்டிப் பணம் ஞாபகத்துக்கு வரவில்லை.

வரவேற்பில் இருந்தவர் பேதியை நிறுத்துகிற மாத்திரை கொண்டுவந்து தந்தார். நான் உனக்குத் தரவில்லை என்று கத்தினாயே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு 101 காய்ச்சல். காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது, வெளியே போக வேண்டியதை உள்ளே நிறுத்தி வைக்கக் கூடாது. அடுத்த சண்டை பாராசிட்டமாலுக்கு. முந்தின நாள் சளிக்கென்று நீ போட்ட மாத்திரையிலும் பாராசிட்டமால் இருந்தது, அட்டையின் பின்னால் பொடி எழுத்தில். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொள்ளப் பார்த்தாய். ஒன்றைப் பிடுங்கிக்கொண்டேன்.

அறையில் இருந்த குறிப்புத்தாளில் ஒரு கோடு போட்டு எழுதி வைத்தேன்: ரத்தம் வந்தால், தண்ணீர் கொஞ்சமும் தங்காவிட்டால், எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், பேச்சு குழறினால் உடனே ஆஸ்பத்திரி. அதற்காகத்தான் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "போனியா? என்ன நிறம்?" என்று கேட்டேன். நீ கடைசியில் தலையணையைத் தூக்கி என் மேல் எறிந்தாய். எறிகிற தெம்பு வந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம்.

மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. "தயவுசெய்து எங்கேயாவது போடீ. நீ உத்துப் பார்த்துக்கிட்டே இருந்தா நான் எப்படித் தூங்குறது?" என்றாய். ரோஷம் வந்தது எனக்கு. இரண்டரை மணி வேனில் இடம் இருப்பதாகச் சொன்னார்கள். சீட்டும் வாங்கினேன். உண்மையைச் சொன்னால், அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் நிம்மதியாக இருந்தது. எனக்கும் உன்னைப் பார்த்துப் பார்த்து அலுத்திருந்தது.

வேன் வாசலில் நின்றது. ஏறவில்லை. திரும்பி வந்து, நம் அறைக்கு அரை மாடி கீழே, படிக்கட்டில் உட்கார்ந்தேன். உள்ளே வந்தால் விரட்டுவாய், வெளியே போனாலும் எனக்கு அருவியைப் பார்க்கத் தோன்றாது. அங்கே உட்கார்ந்தால் குளியலறையில் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது. கேட்கும்போதெல்லாம் தாளில் நேரம் குறித்தேன். 2.50, 3.20. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. தூங்கிவிட்டாய் என்று ஒரு மனசு சொல்லும், மயங்கிக் கிடக்கிறாயோ என்று இன்னொரு மனசு. இரண்டு தடவை மெதுவாகக் கதவைத் திறந்து நீ மூச்சு விடுகிறாயா என்று பார்த்துவிட்டுப் போனேன். தரை துடைக்க வந்த அம்மா காலைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன், துடைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

ஐந்தரைக்கு உள்ளே வந்தேன். எழுந்து உட்கார்ந்திருந்தாய். "எப்படிடீ இருந்தது?" என்றாய். உன் முகத்தில் அவ்வளவு ஆசை. நான் போகவில்லை என்று சொல்லியிருந்தால் அன்று ராத்திரி முழுக்க மன்னிப்புக் கேட்டிருப்பாய். "நல்லா இருந்தது, ஒரே கூட்டம்" என்றேன். "தலை நனையவே இல்லையே?" என்றாய். கிட்டே விடவில்லை என்றேன். போட்டோ எங்கே என்றாய். போனில் சார்ஜ் இல்லை என்றேன். போன் என் கையில் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. நல்லவேளை, நீ கண்ணாடி போட்டிருக்கவில்லை.

அந்த வேன் சீட்டு கிழியாமல் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. நேரம் குறித்த தாளும்தான். இனிமேல் யாரிடமும் நான் அருவி பார்த்த கதையைச் சொல்லாதே. மழை முடிந்த கையோடு போனால்தான் தண்ணீர் நன்றாக விழுமாம். தேதியை நீ சொல்லு. ஓஆர்எஸ் பாக்கெட்டையும் இந்தத் தடவை நீயே எடுத்து வை. என் முறை வந்தாலும் வரும்.

இப்படிக்கு,
உன் தங்கை