மண் பாதைக்கு ஏற்ற குழந்தை வண்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தை பிறந்த வீட்டுக்குத் தொட்டிலும் நடைவண்டியும் சீராகக் கொண்டுபோன நம் மாவட்டத்தில், இப்போது பலரும் ஸ்ட்ரோலர் என்னும் குழந்தை வண்டியை வாங்கிக் கொடுக்கிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் வாங்குகிறவர்கள் வண்டியின் நிறத்தையும், பால்புட்டி வைக்கும் தட்டையும், தொங்கும் பொம்மையையும் பார்க்கிற அளவுக்கு அதன் சக்கரத்தைப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அதற்கான விலையை என் பேரன் கொடுத்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணத்துக்கு அருகே எங்கள் வீடு. விடியற்காலையில் மாந்தோப்பு ஓரமாகவும், கிருஷ்ணகிரி அணையிலிருந்து வரும் வாய்க்காலின் கரையிலும் நடப்பது என் நெடுநாள் பழக்கம். பேரனுக்குப் பதினான்கு மாதம் ஆனபோது, காது குத்து விழாவுக்கு உறவினர் வாங்கி வந்த வண்டியில் அவனை உட்கார வைத்து அழைத்துக்கொண்டு போனேன். முந்தைய வாரம் பெய்த மழையில் டிராக்டர் ஓடிப் பதிந்த தடம் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. அந்தத் தடத்தின் விளிம்பில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கல் இருந்தது. ஒரு சாண் உயரம்கூட இல்லாத முன் சக்கரம் அதில் பட்டதும் சட்டென்று பக்கவாட்டில் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. நடந்துகொண்டிருந்த வேகத்தில் நான் தள்ள, வண்டி முன்பக்கமாகக் கவிழ்ந்தது. இடுப்பை மட்டும் சுற்றியிருந்த பெல்ட்டுக்குள்ளிருந்து குழந்தை நழுவி, முன்கம்பியில் வாய் இடித்து, கீழுதடு கிழிந்து இரத்தம் வந்தது. காயம் நான்கு நாளில் ஆறிவிட்டது என்றாலும், அவன் என்னைப் பார்த்து அழுத முகம் என் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இயற்பியல் பாடம் நடத்தியவன் நான். ஆகவே அன்று மாலையே அந்தச் சக்கரத்தை அளந்து பார்த்தேன். விட்டம் 15 செ.மீ. இருந்தது. முன் சக்கரத்தின் மீது 6 கிலோ பாரம் விழுவதாகவும், எதிரே 3 செ.மீ. உயரமுள்ள கல் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அந்தக் கல்லின் மேல் சக்கரம் ஏற வேண்டுமானால் அச்சில் சுமார் 8 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் தள்ள வேண்டும். அதே பாரம், அதே கல், ஆனால் சக்கரத்தின் விட்டம் 30 செ.மீ. என்றால் நாலரை கிலோ போதும். கல்லின் உயரம் சிறிய சக்கரத்துக்கு ஆரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. பெரிய சக்கரத்துக்கு ஐந்தில் ஒரு பங்குதான். போதாததற்கு, நாம் தள்ளுகிற கைப்பிடி அச்சைவிட வெகு உயரத்தில் இருப்பதால், சக்கரம் தடுக்கியபின் நாம் கூடுதலாகக் கொடுக்கும் விசையெல்லாம் வண்டியைக் குப்புறக் கவிழ்க்கவே பயன்படுகிறது. வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் நெம்புகோல் வரைந்து காட்டிய எனக்கு, இது குழந்தை விழுந்த பிறகுதான் உறைத்தது.

கடைகளில் அதிகமாகக் கிடைக்கும், குடைபோல மடங்கும் இலேசான வண்டியைக் குறை சொல்வதற்கில்லை. 1965-ஆம் ஆண்டில் அந்த வடிவத்தை உருவாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த விமானப் பொறியாளர் ஓவன் மெக்லாரன். விமான நிலையத்துக்கும் நடைமேடைக்கும் கடைத்தெருவுக்கும் அது மிகப் பொருத்தமானது. வழவழப்பான தரையில் அதைப்போல் உதவுவது வேறில்லை. கரடுமுரடான வழிக்கான மூன்று சக்கர வண்டியோ வேறு வழியாக வந்தது. 1984-இல் அமெரிக்காவின் யாகிமா நகரில் ஃபில் பேச்லர் என்பவர், தாம் ஓடும்போது குழந்தையையும் உடன் அழைத்துச் செல்வதற்காக, குழந்தை வண்டியில் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தினார். ஒன்று வழவழப்பான தளத்துக்காகப் பிறந்தது, மற்றொன்று சைக்கிள் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை நினைவில் வைத்தாலே, நம் வீட்டு வாசலுக்கு வெளியே என்ன தரை இருக்கிறதோ அதற்கேற்பத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

இப்போது எங்களிடம் இருப்பது, மகன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த, ஏற்கெனவே ஒரு குடும்பம் பயன்படுத்திய மூன்று சக்கர வண்டி. முன்னால் 12 அங்குலம், பின்னால் 16 அங்குலம். மூன்றும் காற்றடைத்த டயர்கள். பின் அச்சில் ஸ்பிரிங் உண்டு. சரளைக் கற்களின் மேல் போகும்போது கைப்பிடியில் அதிர்வு தெரிகிறதே தவிர, குழந்தையின் தலை ஆடுவதில்லை. வந்த மூன்றாம் நாளே வரப்போரம் கிடந்த கருவேல முள் ஏறிப் பஞ்சரானது. வெளிநாட்டு வண்டிக்கு டியூபுக்கு எங்கே போவது என்ற கவலையுடன் எங்கள் ஊர் சைக்கிள் கடைக்கு எடுத்துப் போனேன். கடைத் தம்பி டயரைப் புரட்டி, பக்கத்தில் அச்சிட்டிருந்த எண்ணை விரலால் துடைத்துப் படித்துவிட்டு, “சார், இது சின்னப் பிள்ளைங்க சைக்கிள் டியூப்புதான் சார், நம்மகிட்டயே இருக்கு” என்றார். வால்வு மட்டும் சாதாரண சைக்கிளில் இருப்பது அல்ல, மோட்டார் பைக்கில் இருப்பது. அதனால் பெட்ரோல் பங்கிலும் காற்று நிரப்பலாம் என்றாலும், பங்கில் வேகமாக ஏறும் காற்றை இந்தச் சிறிய டியூப் தாங்காது என்பதால், டயரில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டாமல் கைப்பம்பால் அடிப்பதே நல்லது என்றும் அவரே சொன்னார். வாங்குகிறவர்கள் டயரின் அளவைக் குறித்துக்கொண்டு, அந்த டியூப் ஊரில் கிடைக்குமா என்று முதலில் சைக்கிள் கடையில் கேட்டுவிட வேண்டும். அக்காலத்து உப்பு வணிகர்கள்கூட வண்டிக்கு அடியில் சேம அச்சு, அதாவது மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் மேடு பள்ளம் கடந்தார்கள். நமக்கு ஒரு டியூப், ஒரு பம்பு போதும். பஞ்சரே ஆகாத நுரை நிரப்பிய டயர்களும் வருகின்றன. பராமரிக்க நேரமில்லாதவர்களுக்கு அவை சரி. கல் பாதையில் குலுக்கல் மட்டும் சற்று அதிகமாக இருக்கும்.

முன் சக்கரம் எல்லாப் பக்கமும் சுழலக்கூடியதாகவும், வேண்டும்போது நேராகப் பூட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் சுழல்வது வசதி. மண் பாதையில் அதுவே ஆபத்து என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பூட்டிய சக்கரத்தோடு திரும்ப வேண்டுமானால் கைப்பிடியை இலேசாகக் கீழே அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கித் திருப்ப வேண்டும். இரண்டு நாளில் கை பழகிவிடும். பெல்ட் இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து இடத்தில் பிடிப்பதாக இருந்தால்தான் பள்ளத்தில் இறங்கும்போது குழந்தை நழுவாது. கைப்பிடியிலிருந்து நம் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் வாரும் இருக்க வேண்டும். வாய்க்கால் கரையில், ஒருபுறம் தண்ணீர் ஓடும் சரிவில், அந்த வார் இல்லாமல் ஒரு அடிகூட நான் எடுத்து வைப்பதில்லை.

எந்த வண்டியானாலும் தலை நிற்காத, தானாக உட்காராத குழந்தையை அதில் வைத்துக் குலுங்கும் வழியில் தள்ளக்கூடாது. பிறந்த குழந்தை தட்டையாகப் படுக்க வேண்டும். ஆறு மாதம் கழிந்தபின்னும் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே கல் பாதைக்குக் கொண்டு போக வேண்டும். இன்னொன்றையும் தாய்மார்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். சித்திரை வெயிலில், நிழலுக்கென்று வண்டியின் மேல் புடவைத் தலைப்பையோ துண்டையோ போர்த்திவிடுகிறார்கள். மெல்லிய துணியாக இருந்தாலும் உள்ளே காற்றோட்டம் நின்று வெப்பம் ஏறிவிடும். வண்டியோடு வரும் மேற்கூரை போதும். அது போதாத வெயிலில் குழந்தையை வெளியே கொண்டு போகவே வேண்டாம். காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டினால் குழந்தையைத் தூக்கிய மறுகணம் வண்டி பின்னால் சாயும் என்பதும் எங்கள் வீட்டிலேயே நடந்தது.

இத்தகைய வண்டிகளுக்குக் குறைகளும் உண்டு. குழந்தை இல்லாமலே 10 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். மடித்தாலும் டவுன் பஸ்ஸில் ஏற்றுவது பெரும்பாடு. வாசற்கதவின் அகலத்தை அளக்காமல் வாங்கியவர்கள் அதை நிரந்தரமாகத் திண்ணையில் நிறுத்த வேண்டி வரும். நம் மாவட்டங்களின் எல்லா வழிகளுக்கும் இது ஏற்றதும் அல்ல. தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையிலோ சித்தேரியிலோ பாறையில் ஏறி இறங்கும் ஒற்றையடிப் பாதைகளில், துணியால் முதுகிலோ இடுப்பிலோ கட்டிக்கொண்டு போகும் தாயைவிடப் பாதுகாப்பான வண்டி எந்தத் தொழிற்சாலையிலும் கிடையாது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் காட்டை ஒட்டி வசிப்பவர்கள், நான் விடியற்காலை என்று எழுதியிருப்பதைத் தங்களுக்குச் சொன்னதாகக் கொள்ள வேண்டாம். யானைகள் தோட்டங்களிலிருந்து காட்டுக்குத் திரும்பும் நேரம் அது. நன்றாக வெளிச்சம் வந்தபின், ஊருக்குள் இருக்கும் பாதையே போதும்.

கடைக்காரர்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள் உள்ளன. தங்கள் நாளிதழ் வழியாகச் சொன்னால் கேட்பார்கள் என்று நம்புகிறேன். வண்டி எந்த வயதுக்கு, எத்தனை கிலோ வரை, எந்த வகைத் தரைக்கு என்பதைத் தமிழில் எழுதி வண்டியிலேயே ஒட்டி வையுங்கள். வாங்க வருபவர்கள் கேட்டால், டைல்ஸ் போட்ட கடைக்குள் உருட்டிக் காட்டுவதோடு நிறுத்தாமல், 10 கிலோ அரிசி மூட்டையை அதில் வைத்துக் கடைக்கு வெளியே ஜல்லி கொட்டிய இடத்தில் நூறு அடி தள்ளிப் பார்க்க அனுமதியுங்கள். அப்படித் தள்ளிப் பார்க்க எனக்கு அன்று ஒரு வாய்ப்பு கிடைத்திருந்தால், அந்த வண்டியை வாய்க்கால் கரைக்கு நான் கொண்டு போயிருக்கவே மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.