நாவூவிலிருந்து அம்மாவுக்கு

நாவூ, இல்லினாய்
1846 மார்ச் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நவம்பரில் நீங்கள் எழுதிய கடிதம் போன வாரம்தான் வந்து சேர்ந்தது. நான் எழுதி வெகுநாளாகிவிட்டதென்று அப்பா ராத்திரியெல்லாம் தூங்குவதில்லையாமே. நாங்கள் நலம். குளிர்காய்ச்சல் விட்டுவிட்டது. காலையில் மக்காச்சோளக் கூழ், இரவில் மக்காச்சோள ரொட்டி. பசி என்று ஒருநாளும் படுத்ததில்லை. இவருக்கு வண்டிப் பட்டறையில் ஓயாத வேலை. கூலியை மாவாகவும் விறகாகவும் தருகிறார்கள், அதுவும் வசதிதான். குளிரை மட்டும் கேட்காதீர்கள். பிப்ரவரி கடைசியில் மிசிசிப்பி உறைந்துபோய், மாட்டு வண்டிகள் பனிக்கட்டி மேலேயே அக்கரை போயின.

நம் மார்மன் சபைக்கு இப்போது யார்தான் தலைவர் என்று கேட்டிருந்தீர்கள். 1844 ஜூன் 27-இல் கார்த்தேஜ் சிறையில் சபையை நிறுவிய தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித்தையும் அவர் அண்ணன் ஹைரமையும் கும்பல் சுட்டுக் கொன்றது உங்களுக்குத் தெரியும். தனக்குப் பின் இன்னார் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும்படி அவர் சொல்லிவிட்டுப் போகவில்லை. எல்லாத் துன்பமும் அதிலிருந்துதான். ஆகஸ்ட் 8-ஆம் தேதி திறந்தவெளியில் கூட்டம் போட்டார்கள். ஜோசப்பின் ஆலோசகராக இருந்த சிட்னி ரிக்டன், சபைக்கு நானே காப்பாளர் என்றார். பிரிகாம் யங், அதிகாரம் சபையின் மூத்த தலைவர்களான பன்னிரு அப்போஸ்தலரிடம் இருக்கிறது என்றார். 1840-இல் நம் ஊர் பிரஸ்டனுக்கு வந்தாரே, அதே பிரிகாம்தான். அன்று அவர் பேசியது ஜோசப்பின் குரலாகவே இருந்தது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். கைகள் பன்னிருவர் பக்கம்தான் உயர்ந்தன, நானும் உயர்த்தினேன். அடுத்த மாதமே ரிக்டனை விலக்கிவிட்டார்கள். அவர் பிட்ஸ்பர்க் போய்த் தனிச்சபை வைத்தார்.

அதோடு முடிந்திருந்தால் சரி. விஸ்கான்சினில் ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்பவரிடம் ஒரு கடிதம் இருக்கிறது. ஜோசப் இறப்பதற்குச் சில நாள் முன்பு அவரையே வாரிசாக நியமித்து எழுதியதாம். ஸ்ட்ராங் ஞானஸ்நானம் பெற்றதே அந்த ஆண்டு பிப்ரவரியில்! ஆனாலும் பன்னிருவரில் ஒருவரான ஜான் பேஜே அவர் பக்கம் போய்விட்டார். நம் அண்ணனும் மூட்டை கட்டிவிட்டான், அம்மா. ஸ்ட்ராங்கின் ஊரான வோரிதான் இனி சீயோன், நம் புனித நகரம் என்கிறான். இவரோ பிரிகாமின் பின்னால் மேற்கே போகத் துடிக்கிறார். இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுவது நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டுக் கிழவி எங்கேயும் போவதில்லை. வீடுகளெல்லாம் அடிமாட்டு விலைக்குப் போகிற நேரத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார். கோழிகளைக் கட்டிலடியில் வளர்க்கிறார். ஜோசப் தன் மூத்த மகனைத்தான் ஆசீர்வதித்து வைத்தார், அவன் வளரட்டும் என்கிறார். பையனுக்கு வயது 13. ஜோசப்பின் மனைவி எம்மா அம்மாள் பிள்ளைகளோடு இங்கேயே இருக்கிறார். சபைச் சொத்து எது, குடும்பச் சொத்து எது என்று அவருக்கும் பிரிகாமுக்கும் ஒத்துவரவில்லை. பல மனைவியர் பற்றிய பேச்சும் ஊரில் உலவுகிறது. அதைக் கடிதத்தில் எழுத எனக்கு மனமில்லை.

அம்மா, நீங்கள் கல்லில் சுடும் ஓட்ஸ் ரொட்டி ஒன்று இப்போது கிடைத்தால் போதும். அப்பாவின் தறிச் சத்தம் கேட்டு விழித்துக்கொள்கிறேன், எழுந்தால் காற்றுதான். யாரை நம்புவது என்று உங்களைத் தவிர யாரிடம் கேட்பேன்?

சரி, வீட்டு விஷயம். தங்கையை இந்த ஆண்டு லிவர்பூலில் கப்பலேற்ற வேண்டாம். அவள் பயணத்துக்கு மாமா கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அண்ணன் வாங்கிய கடனை அதில் கழிக்க விடாதீர்கள், அது அவன் பொறுப்பு. அவனுக்கு வோரிக்குத் தனியாக எழுதுங்கள், திட்டாமல் எழுதுங்கள். நாங்கள் மே மாதம்வரை இங்கேதான். வீட்டுக்கு நல்ல விலை வராததால் காத்திருக்கிறோம், வேறொன்றுமில்லை. பதிலை நாவூவுக்கே போடுங்கள். நாங்கள் கிளம்பிவிட்டால் கிழவி வாங்கி வைப்பார். அப்பாவின் இருமலுக்கு வைத்தியர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்