கேலனை மீட்டவர்கள் யார்?

ஆசிரியருக்கு,

மறுமலர்ச்சிக் கால மருத்துவம் பற்றிய கட்டுரை படித்தேன். லினாக்கர், லியோனிசெனோ போன்ற அக்கால மருத்துவ அறிஞர்களைப் பற்றி ஒரு தமிழ் நாளிதழ் எழுதியதே சந்தோஷம்தான். ஆனால் அரபு மொழிபெயர்ப்புகளில் சிதைந்து கிடந்த பண்டைய கிரேக்க மருத்துவர் கேலனை, பழைய மூல நூல்களுக்கே திரும்ப வேண்டும் என்ற ஐரோப்பிய மானுடவாத அறிஞர்கள்தான் காப்பாற்றினார்கள் என்று எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அது அந்த அறிஞர்களே பரப்பிய பேச்சு.

9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், ஒரே நூலின் பல கிரேக்கப் பிரதிகளைத் தேடிச் சேர்த்து, ஒப்பிட்டுப் பிழை திருத்திய பிறகே மொழிபெயர்க்க உட்காருவார், கேலனின் சுமார் 129 நூல்களைப் பற்றி விவரமாகக் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார். ஐரோப்பியர்கள் 600 வருடம் கழித்துப் பெருமையடித்துக்கொண்ட முறை இதேதான். கேலனின் உடற்கூறு செய்முறை நூலில் 15 பாகங்கள். கிரேக்க மூலம் 9-ஆம் பாகத்தின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. மீதி இன்று நம் கையில் இருப்பது அரபியால்தான்.

லியோனிசெனோ 1492-இல் மூலிகைகளைக் குழப்பியதாகப் பிடித்து உலுக்கியதும் அரேபியர்களை மட்டுமல்ல, ரோமானியரான பிளினியையும்தான். இதைக் கட்டுரை சொல்லவே இல்லை. கிரேக்கத்திலிருந்து நேரடியாக லத்தீனுக்குக் கொண்டுவந்ததும் இந்த மானுடவாத அறிஞர்கள் தொடங்கியது கிடையாது, 14-ஆம் நூற்றாண்டிலேயே நேப்பிள்ஸ் அரசவையில் நிக்கோலோ டா ரெஜியோ கேலனின் 50-க்கும் மேற்பட்ட நூல்களை அப்படி மொழிபெயர்த்துவிட்டார். நடை கரடுமுரடுதான், சரி.

அப்படியானால் இவர்கள் செய்தது என்ன? நிறையவே. லினாக்கரின் லத்தீன் வாசிக்க சுகமானது, 1519-இல் அவர் மொழிபெயர்த்த சிகிச்சை முறை நூலை ஐரோப்பா முழுக்கப் படித்தார்கள். 1525-இல் வெனிஸின் ஆல்டஸ் அச்சகம் கேலனைக் கிரேக்கத்திலேயே 5 தொகுதிகளாக அச்சிட்டது. மூலம் அச்சில் வந்ததும் கேலனை வரிவரியாகச் சோதிக்க வழி பிறந்தது. அப்படிச் சோதித்தவர்களில் ஒருவர் உடற்கூறு அறிஞர் வெசாலியஸ். வெனிஸில் 1541-இல் வந்த லத்தீன் கேலன் பதிப்புக்கு உடற்கூறு நூல்களைத் திருத்திக் கொடுத்தவரே அவர்தான். 1543-இல் தன் சொந்த நூலில், கேலன் அறுத்துப் பார்த்தது குரங்குகளை, மனிதர்களை அல்ல என்று போட்டு உடைத்தார். மனிதனின் கீழ்த்தாடை ஒரே எலும்பு, கேலன் சொன்னதுபோல் இரண்டு இல்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக இருந்தால் ஹுனைனுக்கும் நிக்கோலோவுக்கும் ஆளுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்