பூட்ஸ் வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. அம்மா எழுந்து நடமாடுகிறார்கள் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே குறுவை அறுப்பு நேரம் பார்த்து மழை, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுப்பதில்லை என்பதால் பாதி ரோட்டை மறித்து நெல் காய்கிறது.

சரி, ரைஸ் மில்லில் நாளெல்லாம் நிற்கப் போகிறாய், என்ன பூட்ஸ் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். போனில் படம் பார்த்து ஆர்டர் போட்டுவிடாதே. சாயங்காலமாகக் கடைக்குப் போ, நின்ற கால் அப்போதுதான் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலையில் கச்சிதமாக இருக்கிற பூட்ஸ் மத்தியானத்துக்கு மேல் கடிக்க ஆரம்பித்துவிடும். வேலைக்குப் போடுகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு இரண்டு காலிலும் மாட்டி நாலு தரம் நட. விரல்கள் உள்ளே தாராளமாக அசைய வேண்டும், குதிகால் மட்டும் கழன்று எழும்பக் கூடாது. கையில் எடுத்து வளைத்தால் விரல் மடங்குகிற இடத்தில்தான் மடங்க வேண்டும், நடுப்பாதத்தில் மடங்கினால் அங்கேயே வைத்துவிடு.

ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 15298 என்று இருக்கிறதா பார், வேலைக்கான பாதுகாப்புக் காலணிக்கு உள்ள இந்தியத் தர எண் அது. அதில் 2ஆம் பகுதி என்றால் 200 ஜூல் அடி தாங்குகிற கவசம் முன்பக்கம் இருக்கும், மூட்டை இறக்குகிற இடத்தில் அது கட்டாயம் வேண்டும். 4ஆம் பகுதியில் அந்தக் கவசம் கிடையாது. நீ மேற்பார்வை மட்டும்தான் என்றால் எதற்கு அந்தக் கனத்தைக் காலில் கட்டிக்கொண்டு நிற்பது? ஆனால் சோல் வழுக்கக் கூடாது, இதில் மட்டும் சமரசம் வேண்டாம், ஊறல் தொட்டிப் பக்கம் எப்போதும் ஈரம், தவிட்டிலோ எண்ணெய்ப்பசை.

பி.யூ. (பாலியூரித்தேன் என்கிற நுரை மாதிரிப் பிளாஸ்டிக்) சோல் மெத்தென்று இருக்கும், நிற்க சுகம். ஆனால் ஈரக்காற்றுதான் அதற்கு எமன், பெட்டியிலேயே சும்மா வைத்திருந்தாலும் சில வருஷத்தில் பொலபொலவென்று உதிரும். நம் டெல்டாக் காற்றுக்குக் கேட்கவா வேண்டும்! தள்ளுபடி என்று பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், தயாரித்த வருஷம் பூட்ஸிலேயே போட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசு.

முடிந்தால் இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடு, வியர்வை காய அவகாசம் கிடைக்கும். நனைந்துவிட்டால் பேப்பரைத் திணித்து நிழலில் வை. பாய்லர் பக்கம் காயவைத்தால் தோல் விறைத்து வெடித்துவிடும். உள்ளே போடுகிற மெத்தை அழுங்கிவிட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள், காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் சுரீர் என்று குத்த ஆரம்பித்தால் அதற்கு மேல் தள்ளிப்போடாதே.

அப்புறம், தங்கச்சி நிற்கிற ஜவுளிக்கடையில் ஸ்டூல் போட்டார்களா? கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021லேயே நம் மாநிலத்தில் சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது, முதலாளிக்குத் தெரியாதது மாதிரி இருந்தால் இதை எடுத்துச் சொல்லச் சொல்.

அறுப்பு முடிந்ததும் தஞ்சாவூர் வருவேன். அதுவரை வாங்காமல் இருந்தால் சேர்ந்தே போவோம், பேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.