பெல்ட் சாண்டரை மேசையில் வைக்கும் முன்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படம் பார்த்தேன். 3 அங்குல அகலமும் 21 அங்குலச் சுற்றளவும் உள்ள உப்புத்தாள் பெல்ட் உருளைகள்மேல் ஓடி மரத்தைத் தேய்க்கிற மெஷின். தேக்கு மேசைக்கு அது தாராளம். பின்னால் சாய்த்து வைத்திருக்கிறாயே ஓர் அலமாரிக் கதவு, அது வினீர் என்ற மெல்லிய மரத்தோல் ஒட்டிய பிளைவுட். அதன் பக்கமே இதைக் கொண்டுபோகாதே. மேல்தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கண் இமைப்பதற்குள் அடிப்பலகை தெரிந்துவிடும். அதற்குக் கையும் உப்புத்தாளும் போதும்.

பெல்ட் மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிடு. சுவிட்சை அணைத்தது போதாது. பக்கத்து லீவரை இழுத்தால் முன் உருளை உள்ளே வாங்கும், பெல்ட் தளரும். பெல்ட்டின் உட்புறம் அம்புக்குறி இருந்தால் மெஷினில் இருக்கும் அம்பும் அதுவும் ஒரே பக்கம் பார்க்கட்டும். எதிராகப் போட்டால் ஒட்டு பிரிந்து கிழியும். திரும்பச் சொருகும் முன் சுவிட்சை ஒருமுறை அழுத்திவிட்டு, அதை ஓடும் நிலையிலேயே நிறுத்தும் பூட்டுப் பொத்தான் விழுந்து கிடக்கவில்லை என்று பார். பூட்டோடு சொருகினால் மெஷின் தானாக மேசைமேல் ஓடிவிடும்.

அடுத்தது பெல்ட்டின் ஓட்டம். மெஷினைக் கவிழ்த்துப் பிடித்து ஒரு நொடி ஓடவிட்டு அணை. பெல்ட் உள்ளே நகர்ந்தால் மெஷின் உடம்பையே அறுக்கும், வெளியே நகர்ந்தால் கழன்று போகும். அதன் வெளி ஓரம் உருளையின் ஓரத்தோடு நிற்கும்வரை, பெல்ட்டின் ஓட்டத்தைச் சரிசெய்யும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு. புது பெல்ட் சூடானதும் மறுபடி நகரும், அப்போதும் பார்த்துக்கொள்.

பெல்ட்டின் அடிப்பக்கம் உன்னை நோக்கி ஓடுகிறது. அதனால் மெஷின் முன்னால் இழுக்கும், மரம் உன்மேல் பாயும். கனமான மேசை அசையாது. தனிப் பலகை என்றால் கிளாம்ப் போடு, அல்லது உன் பக்க முனையில் பலகையைவிடத் தாழ்வான ஒரு கட்டையை அடி. வயரைத் தோளில் போட்டுக்கொள். துப்பட்டா வேண்டாம், முடியை முடிந்துகொள். தேக்குத் தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும், என்95 மாஸ்க்கும் கண்ணாடியும் போடு.

பழைய வார்னிஷை முதலில் ஸ்கிரேப்பரால் சுரண்டி எடு. சூட்டில் அது இளகி, புது பெல்ட்டைச் சில நிமிடத்தில் அடைத்துவிடும். ஆணித்தலை எதுவும் மேலே நிற்கக் கூடாது. பெல்ட் பட்டால் கிழியும், அதைவிட மோசம், தீப்பொறி தூள் பைக்குள் போய் வெளியே தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும். பை பாதி நிறைந்ததும் கொட்டு, இரவில் வீட்டுக்குள் வைக்காதே.

மேசைமேல் குறுக்கே பென்சில் கோடுகள் போட்டு 80ஆம் நம்பர் பெல்ட்டில் தொடங்கு (நம்பர் கூடக்கூட பெல்ட் நைசாகும்). காற்றிலேயே வேகம் பிடிக்கவிட்டு, மெஷினின் பின்பக்கம் முதலில் பட, விமானம் இறங்குவதுபோல் இறக்கு. இறங்கிய கணமே நகர வேண்டும், மரத்தின் ரேகை வாக்கில், முந்தைய தடத்தில் பாதி ஏறும்படி. அழுத்தாதே! மெஷினின் எடையே போதும். ஒரே இடத்தில் மூச்சு விடும் நேரம் நின்றால் பள்ளம். அதை எடுக்க முழுப் பலகையையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டியிருக்கும். முனையில் பாதி மெஷின் வெளியே தொங்கினால் விளிம்பு மழுங்கும். நிறுத்தும்போது முதலில் தூக்கு, பிறகு அணை, பெல்ட் நின்றபின் கீழே வை.

பென்சில் கோடு எல்லாம் மறைந்ததும் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாக அடித்து ஒரு படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்தபின் 120க்குப் போகலாம்.

அப்பா