ஜாக்கெட்டில் இருக்கும் ஸ்பான்ஞ்சை நம்பி டிராக்கில் இறங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பைக் ஓட்டப் பழகும் இளைஞர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஹெல்மெட்டுக்கு ஒரு பத்தி, லெதர் சூட்டுக்கு ஒரு பத்தி, பூட்ஸுக்குக்கூட நான்கு வரி இருந்தது. முதுகுக்கு மட்டும் "பேக் ப்ரொடெக்டரும் அணிய வேண்டும்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் நான் அப்படித்தான் போனேன்.

கடையில் என் சட்டை சைஸைக் கேட்டார்கள், எல் என்றேன், எல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள், வார்களை மாட்டி இழுத்துப் பார்த்தேன், கச்சிதமாக இருக்கிற மாதிரிதான் இருந்தது. அதோடு டிராக்கில் இறங்கினேன். மத்தியானம் மூன்றாவது செஷனில், வேகம் குறைந்த ஒரு திருப்பத்தில் பின் டயர் வழுக்கியது. பைக் ஒரு பக்கம் போக, நான் மல்லாந்து சறுக்கிக்கொண்டே போய் டிராக் ஓரத்தில் மேடாகக் கட்டியிருக்கும் கெர்ப் வரம்பின் விளிம்பில் இடுப்பு படும்படி மோதினேன். இடுப்பு முதுகெலும்பு ஒன்றின் பக்கவாட்டு நீட்டத்தில் விரிசல். ஆபரேஷன் வேண்டாம், ஆனால் ஆறு வாரம் குனியக் கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து ப்ரொடெக்டரைப் புரட்டிப் பார்த்தால் அதில் ஒரு கீறல்கூட இல்லை. அதன் அடிவிளிம்பு பெல்ட்டுக்கு நான்கு விரல் மேலேயே முடிந்துவிட்டது, அடிபட்ட இடம் அதற்குக் கீழே.

அப்புறம்தான் லேபிளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இதை வாங்கும்போது பார்க்க வேண்டியது சட்டை சைஸும் இல்லை, ஆள் உயரமும் இல்லை. கழுத்தை ஒட்டிய தோள் மேட்டிலிருந்து இடுப்புவரை உள்ள நீளம்தான் கணக்கு. லேபிளில் ஒரு மனித உருவத்துக்குப் பக்கத்தில் அது சென்டிமீட்டரில் போட்டிருக்கும். இதை நாமே அளந்துகொள்ள முடியாது, நான் தெருமுனை டெய்லரிடம் போனேன், டேப்பை வைத்து ஒரு நிமிஷத்தில் 47 என்று சொல்லிவிட்டார். நான் வாங்கியிருந்ததில் 38 முதல் 43 வரை என்று இருந்தது.

அடுத்தது எண். முதுகுக் கவசத்துக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 1621-2. கடைசியில் வரும் அந்த 2-ஐ விட்டுவிடாதீர்கள். 1621-1 என்றிருந்தால் அது தோள், முழங்கை, முழங்கால் பட்டைக்கான தரம், 1621-3 மார்புக்கு. சோதனை எளிதானது: ஐந்து கிலோ எடையுள்ள, கெர்ப் விளிம்பு போல வடித்த இரும்பை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கவசத்தின் மேல் போட்டு, மறுபக்கம் எவ்வளவு விசை போகிறது என்று அளக்கிறார்கள். லெவல் 1-க்கு சராசரி 18 கிலோநியூட்டன் வரை போகலாம், லெவல் 2-க்கு 9 தான். சரிபாதி. டிராக்குக்கு என்றால் லெவல் 2 தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள். அதோடு எஃப்.பி. (FB) என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், முழு முதுகையும் மூடுவது என்று அர்த்தம். சி.பி. (CB) என்றால் நடு முதுகு மட்டும், எல்.பி. (LB) என்றால் இடுப்புப் பக்கம் மட்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இப்போதைய கவசங்கள் பல, அடி விழும்போது இறுகும் நுரையால் ஆனவை. சூடு ஏறினால் அந்த நுரை இளகும், இளகினால் தாங்கும் திறன் குறையும். 40 டிகிரியில் சோதித்துத் தேறியவற்றின் லேபிளில் டி ப்ளஸ் (T+) குறி இருக்கும். அந்தச் சோதனை கட்டாயமில்லை, அதனால் எல்லாவற்றிலும் இருக்காது. மே மாதம் இருங்காட்டுக்கோட்டையில் லெதர் சூட்டுக்குள் வேர்த்து ஊற்றிக்கொண்டு நின்றவர்களுக்கு இந்தக் குறி எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கார் டிக்கியில் போட்டு வெயிலில் விடுவதையும் நிறுத்துங்கள்.

ஜாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு மனசு கேட்காமல் இந்தக் கடிதம் எழுத வைத்ததே அதுதான். போன மாதம் டிராக்கில் பைக்குகளை நிறுத்தும் பேடாக்கில் ஒரு பையன், இருபது வயது இருக்கும், "அண்ணா, இது ட்ரிபிள் ஏ ஜாக்கெட், முதுகுல பேட் இருக்கு" என்று காட்டினான். உள் பாக்கெட்டிலிருந்து எடுக்கச் சொன்னேன். கறுப்பாக ஒரு ஸ்பான்ஞ் வந்தது, இரண்டு விரலால் அழுத்தினால் விரலும் விரலும் ஒட்டிக்கொள்கிறது, ஒரு பக்கத்திலும் ஒரு எண்ணும் இல்லை. மெத்தென்று இருப்பதால் மட்டும் அது தப்பு இல்லை, நல்ல கவசங்களும் கையில் மெத்தென்றுதான் இருக்கும், எண் இல்லாததுதான் தப்பு. ட்ரிபிள் ஏ என்பது ஜாக்கெட்டின் தரம். அது உரசலையும் தையலையும் பார்க்கும், தோளுக்கும் முழங்கைக்கும் பட்டை கேட்கும், முதுகுக்குக் கவசம் வைத்தே ஆக வேண்டும் என்று கேட்காது. இதைச் சொன்னதும் அந்தப் பையனின் முகம் வாடிவிட்டது. யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

வாங்கும்போது கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. சூட், ஹெல்மெட் எல்லாம் போட்டு, ஸ்டாண்டில் நிற்கும் பைக்கில் ஏறி டேங்க்கின் மேல் படுத்துப் பாருங்கள். மேல்முனை ஹெல்மெட்டைத் தள்ளக் கூடாது, அடிமுனை சீட்டில் முட்டி மேலே ஏறக் கூடாது. பெரிய அடி வாங்கியதை மறுபடி போடாதீர்கள், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் சரி.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதுகு முறுக்கிக்கொள்வதையோ, தலைகுப்புற விழுந்து மடங்குவதையோ இந்தக் கவசம் தடுக்காது. நேராக விழும் அடிக்குத்தான் இது. உலக பைக் பந்தயமான மோட்டோ ஜிபியில், விழும்போது சூட்டுக்குள் ஊதிக்கொள்ளும் ஏர்பேக்கை 2018 முதல் கட்டாயமாக்கியும், அதோடு சேர்த்துக் கவசமும் போடுகிறார்கள். ஏர்பேக் வாங்க வசதி உள்ளவர்கள் வாங்கட்டும், மற்றவர்களுக்கு இதாவது ஒழுங்காக இருக்கட்டும்.

எங்களைப் போன்றவர்களை டிராக்கில் ஓட்டவிடும் டிராக் டே நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். காலையில் பைக்கைச் சோதிக்கும்போது பிரேக், டயர், ஆயில் கசிவு என்று குனிந்து குனிந்து பார்க்கிறீர்கள். அப்போதே முதுகுக் கவசத்தையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், ஒரு ஆளுக்கு அரை நிமிஷம் ஆகாது. வாடகைக்குக் கொடுக்கும் சூட்டுகளில் உள்ளதையும் பாருங்கள். ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது பைக் சாய்ந்து போகும் படத்தோடு, அந்த லேபிளின் படத்தையும் எண் தெரிகிற அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், பூந்தமல்லி