பஞ்சு விதைக்கு ஈர மண்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலியால் நாள் முழுவதும் உட்கார்ந்தேதான் இருக்கிறேன், ஆகவே நேரமில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். தாமதத்துக்குக் காரணம் உன் கேள்விதான். "வறண்ட பூமியில் ஓடும் ஆற்றை வயலுக்குத் திருப்பினால் என்ன குடிமுழுகிப் போகும்? விட்டுவைத்தால் மணல்தானே குடிக்கப் போகிறது?" என்று கேட்டிருந்தாய். கால்வாய் வெட்டும் வேலையில் இருந்த காலமாக இருந்தால் "சரிதான்" என்று ஓர் அஞ்சலட்டையில் முடித்திருப்பேன். 'வீணாகும் நீர்' என்ற சொல்லில் அன்று நம் இருவருக்கும் சந்தேகமே வந்ததில்லையே.

முதலில் ஒரு பழைய கணக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1913இல் நீண்ட கால்வாய் அமைத்து ஓவன்ஸ் ஆற்றைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. அடுத்த பதினைந்து ஆண்டுக்குள், அந்த ஆறு நிரப்பிவந்த ஓவன்ஸ் ஏரி வற்றிவிட்டது. உப்புப் படிந்த ஏரிப்படுகை காற்றடிக்கும்போதெல்லாம் எழுந்து பறந்தது. அந்தத் தூசியை அடக்க அதே நகரம் 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது. படுகையின் சில பகுதிகளில் மறுபடி தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்! ஏரி கூலி வாங்காமல் பார்த்துவந்த வேலை அது. ஆய்வாளர்கள் இதைச் 'சூழலியல் சேவை' என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. ஆறு ஏதோ அலுவலகம் திறந்து வைத்திருப்பதுபோல் இருக்கிறது.

இனி உன் மணலுக்கு வருகிறேன். மேற்குச் சீனத்தில் தாரிம் ஆறு பனிமலைகளில் பிறந்து, தக்லமாக்கான் பாலைவனத்தின் ஓரமாக ஓடி, கடலைப் பார்க்காமலே தைத்தேமா ஏரியில் முடிகிறது. மேல்பகுதியில் பாசன வயல்கள், குறிப்பாகப் பருத்தி, பெருகின. 1972இல் கீழ்ப்பகுதியின் தலைமாட்டில் ஒரு நீர்த்தேக்கமும் வந்தது. அதற்குக் கீழே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆறு காய்ந்துபோனது. மணல் குடிக்க எதுவும் வராததால் நிலத்தடி நீர் 8 மீட்டருக்கும் கீழே இறங்கியது. மணல் குடித்ததை அதுவரை கரையோரப் பாப்லர் மரங்கள்தாம் வேரால் உறிஞ்சிக்கொண்டிருந்தன. அவை நின்ற இடத்திலேயே பட்டுப்போயின. தக்லமாக்கானுக்கும் பக்கத்துப் பாலைவனத்துக்கும் இடையே மணல் புகாமல் வேலி கட்டியிருந்தவையும் அவைதாம்.

2000இல் போஸ்தன் ஏரியிலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்து கீழே திறந்துவிடத் தொடங்கினார்கள். மறு ஆண்டின் இறுதியில் அது தைத்தேமாவை எட்டியது. நிலத்தடி நீர் ஏறியது, பட்டுப்போனதாக நினைத்த மரங்கள் சில துளிர்த்தன. வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் பச்சை முழுவதும் வாய்க்காலை ஒட்டியே நின்றுவிட்டது. ஆற்றைவிட்டு ஒரு கிலோமீட்டர் தள்ளினாலே பலன் மங்குகிறது.

என்னை உலுக்கியது வேறொன்று. அந்த மரத்தின் விதை மிகச் சிறியது, பஞ்சு கட்டிக் கோடையில் பறக்கும். அது முளைக்க, வெள்ளம் வடிந்த கையோடு ஈரமாகக் கிடக்கும் வண்டல் வேண்டும். சில வாரங்களில் அப்படி ஓரிடத்தில் இறங்காவிட்டால் முளைக்கும் திறன் போய்விடும். மலையில் பனி உருகி ஆறு கரை புரண்ட நாள்களும் பஞ்சு பறந்த நாள்களும் ஒன்றாக இருந்தன. நாமோ ஒழுங்கான கரைக்குள், நமக்கு வசதியான மாதத்தில், அளந்து விடுகிறோம். கிழமரங்கள் பிழைக்கின்றன, கன்று முளைப்பது அரிதாகிவிடுகிறது. கன அடியை மட்டுமே எண்ணிப் பழகிய எனக்கு, தண்ணீருக்கு மாதமும் உண்டு, கரையைத் தாண்டும் உரிமையும் உண்டு என்பது புத்தியில் ஏற இத்தனை காலம் ஆனது. போஸ்தன் ஏரியின் மட்டமும் அடுத்த பத்தாண்டில் இறங்கியது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இந்தக் கடனும் அதில் சேர்த்திதான்.

கொலராடோ ஆற்றில் கொஞ்சம் விவரமாகச் செய்தார்கள். அமெரிக்காவும் மெக்சிகோவும் பேசி, 2014 மார்ச் முதல் மே வரை எட்டு வாரம், விதை பறக்கும் பருவம் பார்த்து, சுமார் 13 கோடி கனமீட்டர் நீரை வறண்ட கழிமுகத்துக்கு விட்டார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் ஆறு கடலைத் தொட்டது. பெரும்பகுதியை வழியிலேயே மணல் குடித்துவிட்டது. (இதைப் படித்ததும் நீ துள்ளுவாய் என்று தெரியும்.) பச்சை கூடியது, அதுவும் ஓரிரு ஆண்டுகளில் தணிந்தது. ஆகவே 2021இல் வறண்ட பகுதியைத் தவிர்த்து, பாசனக் கால்வாய்கள் வழியாகவே மரம் வளர்க்கும் இடங்களுக்குத் தண்ணீரைக் கொண்டுசேர்த்தார்கள். கால்வாய் வெட்டியே பிழைத்த நமக்கு அதில் கொஞ்சம் மானம் மிஞ்சியது.

வயலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பருத்தியை நம்பியும் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு திட்டம் போடும்போது கீழே எது காயும், அந்த வேலையைப் பிறகு யார் செய்வார், என்ன செலவாகும் என்று ஒரு பக்கமாவது எழுதியிருக்கலாம். நாம் போட்ட எந்த மதிப்பீட்டிலும் அந்தப் பக்கம் இல்லை.

நம் கல்லூரிக் குறிப்பேடு உன்னிடம்தானே இருக்கிறது? 'வீணாகும் நீர்' என்பதற்குக் கீழே யாரோ சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டது நினைவிருக்கிறது. அது நீயா நானா என்று பார்த்து எழுது.

உன் பழைய அறைத்தோழன்